சிட் சொன்னா உக்காருது, டவுன் சொன்னா முழிக்குது. என்னதான் பண்றது?

மொட்டைமாடி:
வணக்கம் மக்களே, ரொம்ப நாளா இங்க வந்து படிச்சுட்டு மட்டும் போய்ட்டு இருந்தேன், இப்பதான் முதல் பதிவு. எங்க வீட்ல மிட்டுன்னு ஒரு நாய்க்குட்டி இருக்கா, லேப்ரடார் கலப்பு, அஞ்சரை மாசம். சிட் சட்டுனு பிடிச்சுக்கிட்டா, கை குடுக்கறதும் வந்துடுச்சு, பேர் சொல்லி கூப்பிட்டா எங்க இருந்தாலும் ஓடி வர்றா. டவுன், அதாவது படுக்கறது மட்டும் ம்ஹூம். ட்ரீட்டை மூக்குகிட்ட காட்டி தரைக்கு கொண்டு போனா தலை மட்டும் கீழ போகுது, பின்பக்கம் டக்குனு மேல வந்துடுது. திரும்ப சிட் சொல்லி உக்கார வச்சு திரும்ப காட்டினா திரும்ப அதே கதை. கொஞ்ச நேரம் என் கைய நோண்டுவா, கிடைக்கலன்னா ஒரு குரைப்பு, அப்புறம் போய் தண்ணி குடிச்சுட்டு அந்தப் பக்கமாவே எங்கயோ போய்டுவா. வீட்ல எல்லாரும் "இதுக்கு மண்டைல ஒண்ணுமில்ல"ன்னு சிரிக்கறாங்க. எனக்கு அப்படி தோணல, கிச்சன் கதவைத் திறக்க தானா கத்துக்கிட்டவ அவ. எங்க இடிக்குதுன்னு யாராச்சும் சொல்லுங்களேன்.

வாலாட்டி77:
கைய நேரா கீழ கொண்டு போய்ட்டு அப்புறம் உங்க பக்கம் மெதுவா இழுங்க ப்ரோ, எல் எழுத்து மாதிரி. வந்துடும். பொறுமைதான் முக்கியம்.

பழையகை:
தம்பி, ட்ரீட்டு கீட்டு எல்லாம் இப்ப வந்த பழக்கம். காலர்ல ஒரு கைய வை, தோள்பட்டைல ஒரு கைய வை, டவுன்னு சொல்லிட்டு ஒரு அழுத்து. நாலு தடவ செஞ்சா அஞ்சாவது தடவ தானா படுக்கும். நாங்க எத்தனையோ நாயை இப்படித்தான் வளத்தோம், எதுவும் கெட்டுப் போகல.

நாலுகால்:
மொட்டைமாடி, பதில் சொல்றதுக்கு முன்னாடி சில கேள்வி, கோச்சுக்காதீங்க, இதுக்கு பதில் தெரியாம யார் என்ன சொன்னாலும் குருட்டாம்போக்குதான்.

எந்தத் தரைல சொல்லித்தர்றீங்க? வழவழ டைல்ஸா, மேட்டா, புல்லா? மிட்டு உக்காரும்போது ரெண்டு பின்னங்காலும் சமமா மடிச்சு உக்கார்றாளா, இல்ல ஒரு பக்கமா சாஞ்சு ஒரு காலை வெளிய நீட்டிட்டா? நாள் பூரா தானா எங்க படுக்கறா? டவுன்ங்கற வார்த்தைய வீட்ல வேற எதுக்காச்சும் யாராச்சும் சொல்றாங்களா? அப்புறம், வார்த்தைய எப்ப சொல்றீங்க, கை கீழ போறதுக்கு முன்னாடியா, போகும்போதா?

முடிஞ்சா ஒரு வீடியோ எடுத்து நீங்களே பாருங்க. நாயை பாக்காதீங்க, உங்க கைய பாருங்க.

கிளிக்கர்பைத்தியம்:
பழையகை அண்ணே, மரியாதையோட ஒண்ணு சொல்றேன். நாயை ஒரு பக்கம் அழுத்தினா அது எதிர்ப் பக்கம் தள்ளும், கழுத்துல கயிறு இழுத்தா பின்னாடி போகும், அது அடம் இல்ல, உடம்பு தானா அப்படி பண்ணும். உங்க தோள்ல திடீர்னு யாராச்சும் அழுத்தினா நீங்களும் விறைப்பாதான் நிப்பீங்க. அதனால அழுத்தறப்ப நாய் கத்துக்கறது படுக்கறத இல்ல, அழுத்தத்தை எப்படி தாக்குப் பிடிக்கறதுன்னு. கடைசில அசந்து போய் படுக்கும், அது வேற. மேல இருந்து குனிஞ்சு ஒரு ஆள் வந்தாலே பல குட்டிக்கு பயம், அந்த பயத்துலயே "டவுன்"னு கேட்டா காதை மடக்கிட்டு ஒதுங்கற நாயை நிறைய பாத்தாச்சு.

போர்ச்சுகல்ல 92 நாயை வச்சு ஒரு ஆய்வு, 2020ல வந்துச்சு. திட்டி, இழுத்து பழக்கற பயிற்சிப் பள்ளி நாய்களுக்கும், ட்ரீட் குடுத்து பழக்கற பள்ளி நாய்களுக்கும் எச்சில்ல கார்டிசால், அதான் பதட்டத்துல ஏர்ற ஹார்மோன், எவ்வளவுன்னு எடுத்து பாத்தாங்க, நடத்தையையும் வீடியோல பாத்தாங்க. முதல் கூட்டத்துக்குத்தான் பதட்டம் ஜாஸ்தி, வாய நக்கறது, கொட்டாவி விடறது, முகத்தைத் திருப்பறதுன்னு. அமெரிக்காவுல விலங்கு நடத்தை பாக்கற வெட்டினரி டாக்டர்கள் சங்கமும் 2021ல பரிசு முறைலதான் எந்த நாயையும் பழக்கணும்னு அறிக்கையே விட்டுருக்காங்க. இது இப்ப வந்த ஃபேஷனும் இல்ல, 1940கள்லயே ஸ்கின்னர்ங்கற உளவியல் அறிஞர்கிட்ட படிச்ச பிரெலண்ட் தம்பதி இதே முறைல கோழில இருந்து எல்லாத்தையும் பழக்கிட்டு இருந்தாங்க.

பழையகை:
ஆய்வு கீய்வுன்னு எதையாச்சும் தூக்கிட்டு வந்துடுவீங்க. என் நாய் படுத்துச்சா இல்லயா, அதான் கணக்கு.

மொட்டைமாடி:
நாலுகால் அக்காவா அண்ணனா தெரியல, கேள்வி எல்லாம் நச்சுனு இருக்கு. வரிசையா சொல்றேன்.

ஹால்ல சொல்லித்தர்றோம், டைல்ஸ் தரை, நல்லா வழுக்கும், ஓடி வந்தான்னா சுவத்துல போய்தான் நிப்பா. தானா படுக்கறது சோபாக்கு பக்கத்துல விரிச்ச பழைய ஜமுக்காளம் மேல, இல்லன்னா கால்மிதி மேல. வெறும் டைல்ஸ்ல மல்லாந்து தூங்குவா, ஆனா அது வெயில் நேரத்துல மட்டும். உக்கார்றது... நீங்க கேட்டப்புறம்தான் கவனிச்சேன், இடது பக்கமா கொஞ்சம் சாஞ்சு உக்கார்றா. எப்பவுமேன்னு சொல்ல முடியாது.

டவுன்ங்கற வார்த்தை, ஆமா, அப்பா சோபால ஏறினா "டவுன், டவுன்"னு விரட்டுவார், வந்தவங்க மேல தாவினாலும் எல்லாரும் அதேதான் சொல்றோம்.

வீடியோ எடுத்து பாத்தேன். சிரிப்பா வருது. நான் டவுன் சொல்லும்போதே கையும் போகுது, தலையும் குனியுது, முட்டியும் மடங்குது, கூடவே "ம், ம், படு, படு செல்லம்"னு வேற பேசிட்டே இருக்கேன். இதுல எது ஆர்டர்னு அவளுக்கு எப்படி தெரியும்? இன்னொண்ணு, முழங்கை ரெண்டும் கிட்டத்தட்ட தரைய தொடுது, விரல் நுழையற அளவு இடைவெளிதான், அந்த நேரம் பாத்து முன்னங்கால் மெல்ல மெல்ல வெளிப்பக்கம் சறுக்குது, உடனே பின்பக்கத்தைத் தூக்கி தன்ன நிறுத்திக்கறா. வேகத்தைக் குறைச்சு வச்சு பாத்தாதான் அது தெரியுது.

நாலுகால்:
அக்காதான் :) 

கடைசி நாலு வரில நீங்களே பாதி பதில் சொல்லிட்டீங்க. முழங்கை தரைய தொடப்போற நேரத்துல பிடிமானம் போகுது. உக்காந்த நிலைல இருந்து படுக்கணும்னா உடம்பு எடை பூரா முன்னங்கால் ரெண்டுலயும் வந்து இறங்கணும், கால் சறுக்கினா எந்த நாயும் அதை நம்பி இறக்காது. அதனால டைல்ஸ்ல சொல்லித்தர்றத இன்னைக்கே நிறுத்துங்க, அந்த ஜமுக்காளம் மேல, அடில நழுவாத மாதிரி ரப்பர் மேட் போட்டு ஆரம்பிங்க. மெலிஞ்ச உடம்பு, மொழுக்குனு முடியில்லாத நாய்ங்களுக்கு சறுக்கல் இல்லன்னாலும் முழங்கை எலும்பு வெறும் தரைல குத்தும், அதுவும் ஒரு காரணம், உங்களுது லேப் கலப்புன்றதால அது அவ்வளவா இருக்காது.

கைய பத்தி. மூக்குல இருந்து நேரா கீழ, ரெண்டு முன்னங்காலுக்கும் நடுவுல இறக்குங்க. மெதுவா. உங்க பக்கம் இழுக்கறது கடைசில, அதுவும் துளி. பெரும்பாலானவங்க சாய்வா முன்னாடி இழுத்துடறாங்க, ட்ரீட் தள்ளிப் போகுதுன்னா நாய் எந்திரிச்சு நடந்துதான வரும். சில குட்டிக்கு எல் எழுத்தே ஆகாது, நேர் எதிரா, மூக்குல இருந்து நெஞ்சுப் பக்கமா உள்ள தள்ளற மாதிரி கொண்டு போனா உடம்பு பின்னாடி மடிஞ்சு படுக்கும். ரெண்டும் செஞ்சு பாருங்க, எதுக்கு முழங்கை இறங்குதோ அது.

முழுசா படுத்தாதான் ட்ரீட்னு இருக்காதீங்க. தலை இறங்கினா ஒண்ணு, முழங்கை மடங்கினா ஒண்ணு, ஒரு கால் முன்னாடி நகந்தா ஒண்ணு, அப்புறம் அதுக்குக் கீழ இருக்கறதுக்கு குடுக்கறத நிறுத்திட்டு அடுத்த படிக்கு மட்டும். நோண்டினா, குரைச்சா கைய மூடிட்டு சும்மா இருங்க. குரைக்கறது கொஞ்ச நேரம் ஜாஸ்தியாகும், அதுக்கு பயந்து குடுத்துட்டீங்கன்னா அடுத்த தடவ இன்னும் சத்தமா குரைக்கும்.

வார்த்தைய இப்போதைக்கு மறந்துடுங்க. வாய மூடிட்டு கைய மட்டும். எப்ப கை இறங்கினா நிச்சயமா படுக்கறான்னு ஆகுதோ அப்பதான் வார்த்தை, அதுவும் புது வார்த்தை. "டவுன்" உங்க வீட்ல ஏற்கெனவே ரெண்டு வேலை பாக்குது, அதுக்கு மேல நூறு தடவ சொல்லி ஒண்ணும் நடக்காம போனதால அவளுக்கு அது இப்ப ஃபேன் சத்தம் மாதிரி. "படு"ன்னே வச்சுக்கோங்க.

அந்த சாஞ்சு உக்கார்றது மட்டும் எனக்கு கொஞ்சம் உறுத்துது. யாராச்சும் விவரம் தெரிஞ்சவங்க சொல்லட்டும்.

ஊசிமருந்து:
வெட்டினரி படிக்கறேன், இன்னும் டாக்டர் ஆகல, அதனால இதை நேர்ல பாத்து சொன்ன மாதிரி எடுத்துக்க வேணாம்.

குட்டிங்க கொஞ்ச நாள் வரைக்கும் சாஞ்சு உக்கார்றது சகஜம், இடுப்புல சதை வலுவாகாததால அப்படி உக்காரும். ஆனா அஞ்சு மாசம் தாண்டியும் எப்பவும் ஒரே பக்கம் சாயுதுன்னா காட்டிடறது நல்லது. லேப், ஜெர்மன் ஷெப்பர்ட், கோல்டன் மாதிரி பெரிய உடம்பு ஜாதிக்கு ஹிப் டிஸ்ப்ளேசியா வர வாய்ப்பு ஜாஸ்தி, இடுப்புக் கிண்ணத்துல தொடை எலும்போட தலை சரியா உக்காராதது. முழங்கை மூட்டுலயும் இதே மாதிரி ஒண்ணு உண்டு, லேப்ல அதுவும் பாக்கறோம், அது இருந்தா முன்னங்கால்ல எடை வைக்க வலிக்கும், டவுனுக்கு முன்னங்கால்தான் முக்கியம்னு அக்கா சொன்னாங்கள்ல. இன்னொண்ணு பேனோஸ்டியைட்டிஸ், வளர்ற வயசுல, அஞ்சு மாசத்துல இருந்து ஒண்ணரை வயசு வரைக்கும் பெரிய ஜாதிகள்ல வரும், நீளமான எலும்புக்குள்ள வலி, இந்த வாரம் ஒரு கால், அடுத்த வாரம் வேற காலுன்னு நொண்டும். தானாவே சரியாகிடும், ஆனா வலிக்கறப்ப படு எந்திரின்னு படுத்தக் கூடாது.

கவனிக்க வேண்டியது: தூங்கி எந்திரிச்சதும் விறைப்பா நடக்குதா, ஓடறப்ப ரெண்டு பின்னங்காலும் ஒண்ணா முயல் மாதிரி தாவுதா, படி ஏற தயங்குதா, இடுப்பைத் தொட்டா திரும்பிப் பாக்குதா. உக்காந்து எந்திரிக்கறதயே எத்தனை தடவ பண்ண வைக்கறோம்னு பாருங்க, அது குட்டிக்கு ஒரு உடற்பயிற்சிதான், வலியோட இருந்தா ஏன் ஒத்துழைக்கும்.

இதோட, இந்த வயசுல பல்லும் விழுந்து முளைக்கும். 28 பால்பல் போய் 42 பல் வரணும், சுமாரா நாலு மாசத்துல இருந்து ஏழு மாசத்துக்குள்ள. ஈறு வலிக்கற நாள்ல கெட்டியான ட்ரீட் குடுத்தா துப்பிட்டுப் போகும், அதுக்கு இஷ்டமில்லன்னு நாம நினைச்சுக்குவோம். மெத்துனு இருக்கறதா, பட்டாணி அளவு போதும்.

காதுமடல்:
காது கேக்குதான்னும் ஒரு தடவ பாத்துடுங்க. இவங்க பேர் கூப்பிட்டா வருதுன்னு சொன்னதால இங்க தேவைப்படாது, ஆனா பின்னாடி இந்த இழைய படிக்கறவங்களுக்காக சொல்றேன். டால்மேஷியன், உடம்பு பூரா வெள்ளையா இருக்கற சில ஜாதி, ரெண்டு மெர்ல் (திட்டுத்திட்டா நிறம் வெளுத்த) நாய் சேந்து பொறந்த குட்டி, இதுங்கள்ல பிறவியிலேயே ஒரு காதோ ரெண்டுமோ கேக்காம இருக்கறது உண்டு. கூட இன்னொரு நாய் இருந்தா அதைப் பாத்துப் பாத்தே எல்லாம் செய்யும், நமக்கு தெரியவே தெரியாது. தூங்கறப்ப பின்னாடி நின்னு பாத்திரத்தை லேசா தட்டிப் பாருங்க, தரை அதிராம. சந்தேகம் இருந்தா டாக்டர்கிட்ட காதுக்குன்னே டெஸ்ட் இருக்கு, மூளைக்கு சத்தம் போய் சேருதான்னு மின் அலைய வச்சு பாப்பாங்க. முழுசா கேக்காத நாய் என்கிட்ட இருக்கு, கை ஜாடைலயே எல்லாம் பண்ணும், படுக்கறது உட்பட. வேற யார் நாயும் அவ்ளோ அழகா படுக்காதுன்னு பெருமையா சொல்லிக்குவேன்.

வாலாட்டி77:
நான் எல் எழுத்துன்னு சொல்லிட்டு போய்ட்டேன், அதுக்குள்ள இங்க ஒரு காலேஜே நடந்துட்டு இருக்கு

கிளிக்கர்பைத்தியம்:
இன்னொரு வழியும் இருக்கு, சோம்பேறிகளுக்கு (என்ன மாதிரி) ரொம்ப வசதி. நீங்க எதுவும் செய்ய வேணாம். சட்டைப் பைல ட்ரீட் வச்சுக்கிட்டு உங்க வேலைய பாருங்க. அவ தானா எப்ப ஜமுக்காளத்துல படுக்கறாளோ, முழங்கை தரைய தொட்ட அந்த நொடி "எஸ்"னு ஒரே சொல்லு, அப்புறம் ட்ரீட்டை ரெண்டு காலுக்கும் நடுவுல தரைல வைங்க. கைல தூக்கி குடுத்தா எந்திரிச்சுடும், அதனால தரைல. வாக்கிங் போய்ட்டு வந்து களைச்சிருக்கற நேரம்தான் தோது. சீக்கிரமே உங்க முன்னாடி வந்து வேணும்னே படுத்துட்டு மூஞ்சிய பாக்கும். அங்க இருந்து வார்த்தை சேத்துக்கலாம்.

அந்த "எஸ்" லேட்டாச்சுன்னா எல்லாம் போச்சு. ஒரு நொடிக்குள்ள வரணும். ட்ரீட் கைக்கு வர ரெண்டு மூணு நொடி ஆகும், அதுக்குள்ள அது எந்திரிச்சிருக்கும், நீங்க எந்திரிச்சதுக்கு பரிசு குடுத்த மாதிரி ஆகிடும். அதுக்குத்தான் கிளிக்கர், அமுக்கினா க்ளிக்னு சத்தம் போடற சின்ன டப்பா, இல்லன்னா ஒரு சின்ன வார்த்தை. டால்பினுக்கு நீச்சல் குளத்துல நடுவுல போய் மீன் குடுக்க முடியாதுல்ல, அதனால அங்க விசில் வச்சாங்க, நாய் பக்கமும் அது பரவினது அப்படித்தான்.

மொட்டைமாடி:
டாக்டர்கிட்ட காட்டிட்டு வந்தோம். இடுப்பு, முழங்கை எல்லாம் மடக்கி நீட்டி பாத்தார், நடக்க விட்டு பாத்தார், இப்போதைக்கு வலி எதுவும் தெரியல, நகம் ரொம்ப வளந்திருக்குன்னார். நகம் தரைல இடிக்கறதால விரல் மேல தூக்கிட்டு நிக்கறா, பாதத்தோட பஞ்சு தரைல ஒழுங்கா பதியல, அதுவும் வழுக்கறதுக்கு ஒரு காரணம்னு. வெட்டி விட்டாங்க. எக்ஸ்ரே கொஞ்சம் வளந்தப்புறம் தேவைப்பட்டா பாக்கலாம்னு சொல்லிருக்கார், எடை ஏறாம பாத்துக்கோங்கன்னு எனக்குத்தான் திட்டு, ட்ரீட் எல்லாம் சேத்து ஒரு நாள் சாப்பாட்டுல பத்துல ஒரு பங்குக்கு மேல போகக் கூடாதாம்.

ஜமுக்காளத்துல ஆரம்பிச்சேன். நெஞ்சுப் பக்கமா உள்ள தள்ற முறைதான் அவளுக்கு செட் ஆகுது. முதல்ல முழங்கை பாதில நின்னுச்சு, ஒரு நிமிஷம் மாதிரி என்ன பாத்துட்டே இருந்தா, கைய அங்கயே வச்சிருந்தேன், ஒரு பெருமூச்சு விட்டுட்டு பொத்துனு இறங்கினா பாருங்க. எங்கம்மா சமையல்ரூம்ல இருந்து என்னடா சத்தம்னு ஓடி வந்தாங்க, நான்தான் கத்தியிருக்கேன்.

இப்ப புது பிரச்சனை. கைல ட்ரீட் இருந்தா படுக்கறா. வெறுங்கைன்னா கைய மோந்து பாத்துட்டு போய்டறா.

பழையகை:
அதான் சொன்னேன். இனி ஆயுசுக்கும் பைல ட்ரீட்டோட சுத்து. நாய் உனக்கு படுக்கல, கோழிக்கறிக்கு படுக்குது.

நாலுகால்:
பழையகை ஐயா கேக்கறது நியாயமான கேள்விதான், பலரும் இங்கதான் மாட்டிக்கறாங்க. ட்ரீட்டைக் காட்டி கூட்டிட்டுப் போறதும், செஞ்சு முடிச்சதுக்கு ட்ரீட் குடுக்கறதும் வேற வேற. முதலாவதை சீக்கிரம் விட்டுடணும், ரெண்டாவதை விட வேண்டியதில்ல.

மொட்டைமாடி, இப்படி பண்ணுங்க. கைல ட்ரீட் வச்சு சில தடவ, எண்ண வேணாம், நல்லா சரளமா இறங்கற வரைக்கும். அடுத்த தடவ அதே கை, அதே விரல் மடிப்பு, உள்ள ஒண்ணுமில்ல. படுத்ததும் "எஸ்", ட்ரீட் இன்னொரு கைல இருந்து, முதுகுக்குப் பின்னாடி இருந்து, அலமாரி மேல இருந்து, எங்க இருந்து வேணா வரட்டும். கை காலின்னாலும் பரிசு வரும்னு அவளுக்கு புரிஞ்சா போதும். அப்புறம் கைய கொஞ்சம் கொஞ்சமா சின்னதாக்குங்க, முழுசா குனியறத முட்டி வரைக்கும், அப்புறம் இடுப்பு வரைக்கும், கடைசில விரலை மட்டும் கீழ காட்டினா போதும்னு.

வார்த்தை எங்க வைக்கறதுன்னா, கைக்கு முன்னாடி. "படு", ஒரு நொடி சும்மா, அப்புறம் கை. ரெண்டும் ஒண்ணா வந்தா நாய் கைய மட்டும் பாத்துக்கும், வார்த்தைய காதுல வாங்காது. நாய்க்கு நம்ம உடம்பு அசைவுதான் முதல் மொழி. நாய்களை வச்சு ஆராய்ச்சி பண்ண ரஷ்ய விஞ்ஞானி பாவ்லோவே தன் சோதனைல இதைப் பாத்திருக்கார், ரெண்டு அடையாளம் ஒண்ணா வந்தா பலமானது மெலிசானதை அமுக்கிடும். அந்த ஒரு நொடி இடைவெளி இருந்தா கொஞ்ச நாள்ல வார்த்தை கேட்டதுமே கைக்கு காத்திருக்காம இறங்கிடுவா. அப்பதான் வார்த்தை தெரியும்னு அர்த்தம்.

எல்லாத்துக்கும் கோழிக்கறியும் வேணாம். டேவிட் பிரிமேக்னு ஒரு உளவியல் அறிஞர் 1959லயே சொன்னது, ஒரு உயிர் தானா ஆசைப்பட்டு செய்யறது எதுவோ அதுவே மத்த வேலைக்குப் பரிசாகும். வெளிய போக கதவு திறக்கறதுக்கு முன்னாடி படு, பந்து வீசறதுக்கு முன்னாடி படு, சாப்பாட்டுக் கிண்ணம் வைக்கறதுக்கு முன்னாடி படு. பைல எதுவுமே வேணாம் ஐயா.

பழையகை:
கதவு மேட்டர் ஒத்துக்கறேன். அது நாங்களும் செய்வோம்.

தூக்கக்கலக்கம்:
இழைய கடத்தறேன்னு திட்டாதீங்க. என் நாய்க்கு எட்டு மாசம், ஆண், எல்லாம் கத்துக்கிட்டான், சிட், டவுன், ஸ்டே (சொல்ற வரைக்கும் அசையாம இருக்கறது), இப்ப என்னை யாருன்னே தெரியாத மாதிரி பாக்கறான். பக்கத்து வீட்டுப் பையன் சிட் சொன்னா உக்கார்றான்!! எனக்கு மட்டும் ஏன் இப்படி?

கிளிக்கர்பைத்தியம்:
தூக்கக்கலக்கம், உங்க கதைய அப்படியே ஆராய்ச்சியா பண்ணிருக்காங்க. இங்கிலாந்துல கைட் டாக், அதான் கண் தெரியாதவங்களுக்கு வழிகாட்டற நாய், ஆகப்போற லேப், கோல்டன், அதுங்களோட கலப்புக் குட்டிங்களை அஞ்சு மாசத்துலயும் எட்டு மாசத்துலயும் பாத்தாங்க, 2020ல வந்துச்சு. சோதனை என்னன்னா வெறும் சிட்தான். எட்டு மாசத்துல வளக்கறவங்க சொன்னா கேக்கறது குறைஞ்சிருக்கு, அறிமுகமில்லாத ஆள் சொன்னா குறையல. நம்ம வீட்டு டீனேஜ் பசங்க மாதிரின்னு பேப்பர் எல்லாம் எழுதுச்சு. ஒரு வயசு வாக்குல திரும்பிடும்னும் அதுலயே இருக்கு. அதுவரைக்கும் சுலபமா ஆக்கி, நிறைய குடுத்து, வெளில கயிறு மாட்டியே வச்சுக்கோங்க. அவனுக்கு மறக்கல.

தூக்கக்கலக்கம்:
மறக்கலன்னா இன்னும் கோவமா வருது

ஊசிமருந்து:
😂 ரெண்டு நாளா வார்டுல இருக்கேன், இதைப் படிச்சு சிரிச்சுட்டேன்.

மொட்டைமாடி, நகம் பத்தி சொன்னது சூப்பர் டாக்டர். நாங்க பாக்கறதுல நிறைய பேர் அதை விட்டுடறாங்க.

மொட்டைமாடி:
ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் பண்ணணும்? இப்ப காலைல மதியம் ராத்திரின்னு உக்கார வச்சு சொல்லித்தர்றேன், ராத்திரி நேரம் அவளுக்கு கண்ணு சொருகுது.

நாலுகால்:
குறைங்க. குறைச்சா கெட்டுப் போகாது, நல்லதுதான். டென்மார்க்ல பீகிள் நாய்களை வச்சு 2011ல பாத்தப்ப, தினமும் பயிற்சி குடுத்ததை விட வாரத்துக்கு ஒண்ணு ரெண்டு தடவ குடுத்த நாய்ங்க குறைச்ச பாடத்துலயே கத்துக்கிச்சு. ஒரே மூச்சுல மூணு பாடம் வச்சதை விட ஒரு பாடம் வச்சது தேவலாம்னும் வந்துச்சு. அதுக்காக வாரத்துக்கு ஒண்ணுன்னு நீங்க இருக்க வேணாம், அங்க மொத்த நாள் கணக்கு ஜாஸ்தி ஆகும், வீட்டு நாய்க்கு நாம நாள் பூரா பக்கத்துலதான இருக்கோம். ரெண்டு மூணு நிமிஷம், ஒரு கைப்பிடி ட்ரீட் தீர்ற வரைக்கும், அவ இன்னும் வேணும்னு பாக்கறப்பவே முடிச்சுடுங்க. தூக்கம் வர்ற நேரத்துல வேண்டவே வேணாம்.

முடிச்சதும் கொஞ்சம் விளையாட விடுங்க. லேப்ரடார் நாய்களை வச்சு 2017ல ஒரு சின்ன சோதனை, 16 நாய்தான், புதுசா ஒண்ணு கத்துக்கிட்டதும் அரை மணி நேரம் விளையாடின நாய்ங்க, சும்மா ஓய்வெடுத்த நாய்ங்களை விட அடுத்த நாள் அதை சீக்கிரம் திரும்ப செஞ்சுச்சு. சின்ன எண்ணிக்கை, பெருசா எடுத்துக்க வேணாம், ஆனா விளையாடறதுல நஷ்டம் என்ன?

மொட்டைமாடி:
அப்டேட். ஜமுக்காளத்துல வெறுங்கைக்கு படுக்கறா, "படு"ன்னு சொன்னாலே முக்காவாசி நேரம் இறங்கிடறா. ஆனா ஜமுக்காளத்தை எடுத்துட்டா, வாசல்ல, மொட்டை மாடில, ஒண்ணும் தெரியாது. நான் சேர்ல உக்காந்து சொன்னாலும் தெரியாது! நின்னுட்டு சொன்னாதான். இன்னொரு கூத்து, ட்ரீட் டப்பா சத்தம் கேட்டாலே யாரும் சொல்லாம பொத்து பொத்துனு படுக்கறா, சிட் சொன்னாலும் படுக்கறா.

வாலாட்டி77:
மண்டைல ஒண்ணுமில்லன்னு சொன்ன உங்க வீட்டுக்காரங்க இப்ப என்ன சொல்றாங்க?

மொட்டைமாடி:
அப்பா "நான்தான் கத்துக்குடுத்தேன்"ங்கறார்.

நாலுகால்:
அப்பாங்க எல்லா வீட்லயும் ஒரே மாதிரிதான் போல.

நீங்க நின்னா படுக்கறா, உக்காந்தா தெரியலன்னா, அவ கத்துக்கிட்ட பாடத்துல நீங்க நிக்கறதும் ஜமுக்காளமும் சேந்தே இருக்குன்னு அர்த்தம். நாய்ங்க ஒரு இடத்துல கத்துக்கிட்டதை இன்னொரு இடத்துக்கு தானா கொண்டு போறதுல ரொம்ப மோசம். ஒவ்வொண்ணா மாத்துங்க, ஒரே நேரத்துல ரெண்டை மாத்தாதீங்க. ஜமுக்காளம் அங்கயே இருக்கட்டும், நீங்க சேர்ல உக்காருங்க. அது வந்ததும் பக்கவாட்டுல நில்லுங்க, அப்புறம் முதுகைத் திருப்பிக்கிட்டு. அது தனி. ஜமுக்காளத்தை நாலா மடிச்சு சின்னதாக்கி வேற ரூமுக்கு கொண்டு போறது தனி. வாசலுக்கும் மாடிக்கும் போறப்ப முதல் கொஞ்ச நேரம் ட்ரீட்டை கைல வச்சு பழையபடி ஆரம்பத்துல இருந்து காட்டுங்க, பின்னாடி போறோமேன்னு நினைக்காதீங்க, அங்க வேகமா வந்துடும். வழுக்கற டைல்ஸை கடைசிக்கு வைங்க, இல்ல விட்டே விடுங்க, அங்க அவ படுத்து யாருக்கு என்ன ஆகப்போகுது.

சொல்லாமலே படுக்கறதுக்கு, இனி சொல்லாம படுத்தா ட்ரீட் இல்ல, திட்டும் இல்ல, சும்மா நகந்துடுங்க. சொல்லி படுத்தா உண்டு. சிட்டையும் படுவையும் மாத்தி மாத்தி கேளுங்க, ஒரே வரிசைல கேக்காதீங்க, சிட் படு சிட் படுன்னு போனா வரிசையத்தான் மனப்பாடம் பண்ணுவா. சிட்டுக்கு படுத்தா ரெண்டு எட்டு தள்ளி நடந்து எழுப்பிட்டு திரும்ப சிட் கேளுங்க, அதுக்கு நல்ல ட்ரீட்டா குடுங்க.

எந்திரிக்கறதுக்கும் ஒரு வார்த்தை இப்பவே வச்சுடுங்க, "போலாம்"னோ "ஓகே"ன்னோ. இல்லன்னா எப்ப எந்திரிக்கறதுன்னு அவளே முடிவு பண்ணுவா, பின்னாடி ஸ்டே சொல்லித்தர்றப்ப அது பெரிய தலைவலி. "ஓகே" வேணாம்னு நினைக்கறேன், ஃபோன்ல பேசறப்ப நாம பத்து தடவ சொல்லுவோம்.

மொட்டைமாடி:
"போலாம்" வச்சுக்கறோம். சோபாக்கும் ஆள் மேல தாவறதுக்கும் வேற வார்த்தை வேணும்ல, அப்பா இன்னும் டவுன்தான் சொல்றார்.

நாலுகால்:
டவுனை அவருக்கே விட்டுடுங்க, சோபாக்கு மட்டும். நீங்கதான் "படு"வுக்கு மாறிட்டீங்களே, இனி அது மோதாது. தாவறதுக்கு வார்த்தையே வேணாம், நாலு காலும் தரைல இருக்கறப்ப மட்டும் வந்தவங்க கொஞ்சட்டும், தாவினா எல்லாரும் திரும்பிக்கட்டும். அதுக்கு வீட்டுக்கு வர்றவங்களை பழக்கணும், நாயை விட அதுதான் கஷ்டம், தனியா ஒரு இழை போடுங்க, பழையகை ஐயாவும் வருவார்.